கஞ்சியின் பதம்: பக்கவாதத்துக்குப் பிறகு வீட்டில் மென்மையான உணவு – ஒரு நிகழ்வு ஆய்வு

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் சாப்பாட்டைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: மென்மையான உணவு கொடுக்கவும். அந்த ஒரு வரியை அந்தக் குடும்பம் அவ்வளவு அக்கறையாகக் கடைப்பிடித்தது. குழைய வேகவைத்த கஞ்சி, ரசம் சாதம், பாலில் ஊறிய ரொட்டி, சாம்பாரில் ஊறிய இட்லி, மத்தியானம் ஓர் இளநீர். பல்லுக்கு வேலையே இல்லாத சாப்பாடு. அப்படியும் நான்காவது வாரம் நிமோனியா வந்து பெரியவரை மறுபடி மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று.

நான் உணவியலாளர். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டுக்கே போய் நோயாளிகளைப் பார்க்கிறேன். இந்த நிகழ்வை விரிவாக எழுதுவதற்குக் காரணம், இதே தவற்றை இதே அக்கறையோடு செய்கிற வீடுகளை நான் வாரம் தவறாமல் பார்ப்பதுதான். மென்மை என்ற சொல் அவர்களுக்கு வழிகாட்டப் போதவில்லை. பதம் என்ற சொல் போதும். பாகு எந்தப் பதத்தில் இருக்கிறது என்று விரலால் தொட்டே சொல்லிவிடுகிற பெண்களுக்கு, கஞ்சியின் பதத்தைச் சொல்லிக்கொடுப்பது பெரிய வேலையில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நோயாளி

வயது 67. ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். பல வருடமாக ரத்தக் கொதிப்பு, சர்க்கரை இல்லை. மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, வாய் ஒரு பக்கம் இழுத்து, பேச்சு குழறியது. 19 நாள் மருத்துவமனையில் இருந்தார். அதில் 12 நாள் மூக்கு வழியே போட்ட குழாயில்தான் உணவு. குழாயை எடுக்கும் முன் இரண்டு மடக்குத் தண்ணீர் கொடுத்துப் பார்த்ததாகவும், அவர் இருமவில்லை என்பதால் எடுத்துவிட்டதாகவும் வீட்டில் சொன்னார்கள்.

நோய்க்கு முன் எடை 61 கிலோ. நான் முதலில் பார்த்தபோது 53.5 கிலோ. எடை இறங்கியதில் மேல் தாடைப் பல்செட்டும் தளர்ந்து ஆடியது. அதைச் சொல்ல அவருக்குப் பேச்சு வரவில்லை. வீட்டில் யாரும் கவனிக்கவுமில்லை.

இரண்டாவது முறை சேர்த்த இடத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. பேச்சு மற்றும் விழுங்கு சிகிச்சையாளர் ஒருவர், மூக்கு வழியே மெல்லிய கேமராவை விட்டு அவர் விழுங்குவதை நேரில் பார்த்தார். தண்ணீர் போன்ற திரவம் குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாய்க்குள் இறங்கியது. அவர் இருமவே இல்லை. கெட்டியான திரவம் ஒழுங்காக உணவுக்குழாய்க்குப் போனது. வழவழவென்று அரைத்த உணவு இறங்கியது, ஆனால் வலது கன்னத்திலும் தொண்டையின் வலப்பக்கத்திலும் கொஞ்சம் தங்கியது. அதை வைத்து அவர் எழுதிக்கொடுத்தது: திரவம் 2-ஆம் நிலை, உணவு 4-ஆம் நிலை. அந்தத் தாளோடுதான் என்னை அழைத்தார்கள்.

வீட்டில் முதல் நாள்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குப் போனேன். சொல்லக் கேட்பதைவிட நேரில் பார்ப்பதுதான் எனக்கு எப்போதும் உதவும்.

அவருடைய மனைவி என்னை உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டு முதலில் கேட்டது இதுதான்: "ஏம்மா, பச்சப்புள்ளைக்குக் குடுக்குற மாதிரி கொழகொழன்னுதானே குடுத்தேன்? அதுல என்னம்மா தப்பு? அவுங்களுக்கு ஒருநாள்கூடப் புரையேறலையே."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எல்லாம் இருந்தது. நம் வீடுகளில் புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவோம். கண்ணில் நீர் வர இருமி, தவறாகப் போனதை உடம்பே வெளியே தள்ளிவிடும். அந்த இருமல் ஒரு காவலாளி. பக்கவாதத்தில் தொண்டையின் உணர்வு மங்கிவிட்டால் காவலாளி தூங்கிவிடுகிறார். உணவு நுரையீரல் பக்கம் போகும், சத்தமே இருக்காது. இவருக்கு நடந்தது அதுதான். குடும்பம் புரைக்காகக் காத்திருந்தது, புரை வரவே இல்லை.

ஆனால் வேறு அடையாளங்கள் இருந்திருக்கின்றன. நான் கேட்கக் கேட்க மருமகளுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. சாப்பிட்ட பிறகு மாமாவின் குரல் தொண்டையில் தண்ணீர் நிற்கிற மாதிரி கொரகொரவென்று இருக்கும். அடிக்கடித் தொண்டையைச் செருமுவார். சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும், 99, 100 டிகிரி, காலையில் இருக்காது. ஒரு வேளைச் சாப்பாடு முடிய 50 நிமிடம் ஆகும். இப்படி ஒரு நோயாளி உங்கள் வீட்டில் இருந்தால், இருமல் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இந்த நான்கையும் கவனியுங்கள்.

அவர்கள் கொடுத்துவந்த உணவில் சிக்கல் மூன்று விதமாக இருந்தது.

தண்ணீரான பொருள்கள் முதல் சிக்கல்: இளநீர், ரசம், மோர், பால், காபி. தண்ணீர் வேகமாக ஓடும். விழுங்கும்போது குரல்வளை மேலே எழும்பி மூச்சுக்குழாயின் வாயை மூட வேண்டும். அந்த மூடல் கண்ணிமைக்கும் நேரம் தாமதித்தாலும் தண்ணீர் முந்திக்கொள்ளும். நோயாளிக்கு எது மிகச் சுலபம் என்று நினைத்துக் கொடுக்கிறோமோ, அதுவே இவருக்கு மிகக் கடினம்.

இரண்டு பதம் கலந்தவை அடுத்த சிக்கல். ரசம் சாதம் இதற்குச் சரியான உதாரணம். சோறு வாயில் நிற்கும்போதே ரசம் முந்தி ஓடிவிடும். நாக்கு இரண்டையும் ஒரே நேரத்தில் கையாள வேண்டும், பலவீனமான நாக்கால் முடியாது. பாலில் ஊறிய ரொட்டியும் அப்படித்தான், இன்னும் மோசம். பால் பிரிந்து ஓடும், ரொட்டி களிமண் உருண்டையாகி அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ரொட்டி மென்மையானதுதானே என்று நம்புகிறோம், அடைத்துக்கொள்வதில் அது முன்வரிசையில் நிற்கிற பொருள்.

மூன்றாவது, யாரும் நினைத்துப் பார்க்காதது: போதாமை. ஒரு நாளில் கொடுத்ததை எல்லாம் எழுதிக் கூட்டினேன். மூன்று வேளைக் கஞ்சிக்கும் சேர்த்து 90 கிராம் அரிசி, இரண்டு இட்லி, 300 மி.லி பால், இரண்டு துண்டு ரொட்டி, ஓர் இளநீர். சுமார் 800 கலோரி, 25 கிராம் புரதம். படுத்திருக்கிறவருக்கு இது போதும் என்று தோன்றலாம். நோயிலிருந்து மீளும் வயதானவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 கிராமாவது புரதம் வேண்டும். இவருக்கு அது 64 கிராம். கலோரி ஏறக்குறைய 1,600. பாதியளவு சாப்பாட்டில் வாரக்கணக்கில் ஓட்டியிருக்கிறார். விழுங்குவதும் தசை செய்கிற வேலைதான். உடம்பு தசையை இழக்கும்போது விழுங்குகிற தசையை மட்டும் விட்டுவைக்காது.

எண்களுக்குப் பின்னால்

4-ஆம் நிலை, 2-ஆம் நிலை என்றால் என்ன? விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் கொடுக்கிற உணவு, திரவம் இரண்டின் பதத்தையும் எண்ணால் சொல்கிற ஐ.டி.டி.எஸ்.ஐ என்கிற சர்வதேச அளவுமுறை அது. 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். 0 என்றால் தண்ணீர், 7 என்றால் நாம் எல்லோரும் சாப்பிடுகிற சாதாரணச் சாப்பாடு. இதை எனக்குப் பிடிக்கக் காரணம், வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

திரவத்துக்கு 10 மி.லி ஊசிக்குழல் போதும், ஊசி தேவையில்லை. நுனியை விரலால் அடைத்துக்கொண்டு 10 மி.லி வரை ஊற்றி, விரலை எடுத்துப் 10 விநாடி ஓடவிட்டு மறுபடி அடைக்க வேண்டும். உள்ளே 1 மி.லிக்கும் குறைவாக மிச்சம் என்றால் தண்ணீர், அதாவது 0. 1 முதல் 4 என்றால் 1-ஆம் நிலை. 4 முதல் 8 என்றால் 2-ஆம் நிலை. 8-க்கு மேல் என்றால் 3. குழல்கள் பல அளவில் வருகின்றன. 0 கோட்டிலிருந்து 10 மி.லி கோடு வரை 61.5 மி.மீ நீளம் இருப்பதுதான் இந்தச் சோதனைக்குச் சரிப்படும். பையனின் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலால் அளந்து பார்த்துத்தான் மருமகள் வாங்கிவந்தார்.

4-ஆம் நிலை உணவுக்குக் கரண்டிதான் சோதனை. ஒரு கரண்டி எடுத்தால் அது கும்பலாக நிற்க வேண்டும், வழியக்கூடாது. கரண்டியைச் சாய்த்து லேசாக உதறினால் மொத்தமாகச் சரிந்து விழ வேண்டும். பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றால் அதுவும் தப்பு. கட்டி, தோல், நார், விதை எதுவும் கூடாது. ஓரத்தில் நீர் பிரிந்து நிற்கக்கூடாது.

இந்த எண்கள் இவருடையவை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இன்னொருவருக்கு, அவர் விழுங்குவதைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் எண் கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு இது ஒத்துவந்தது என்று யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

சமையலறையில்

கஞ்சியிலிருந்தே தொடங்கினோம். அந்த வீட்டில் கஞ்சி இல்லாமல் நோயாளி சாப்பாடு கிடையாது, அதை மாற்ற எனக்கு ஆசையும் இல்லை. 30 கிராம் பச்சரிசி, 30 கிராம் பாசிப்பருப்பு, இரண்டையும் வாசம் வர வறுத்து, 400 மி.லி தண்ணீர் விட்டுக் குக்கரில் நன்றாகக் குழைய வேகவிட்டு, சூடு ஆறுவதற்குள் மிக்ஸியில் அரைத்து, வடிகட்டியில் கரண்டியால் தேய்த்து வடிகட்டுவது. பருப்பு இல்லாமல் வெறும் அரிசியை அரைத்தால் பசை மாதிரி இழுக்கும், நாக்கால் தள்ள முடியாது. பருப்பும் நெய்யும் சேர்ந்தால் அந்தப் பிசுபிசுப்பு அடங்கும். இரண்டு டீஸ்பூன் நெய் 90 கலோரி. இரண்டு மேசைக்கரண்டி பால்பவுடர் கலந்தால் 5 கிராம் புரதம். கிண்ணத்தின் அளவு கூடாமல் சத்து மட்டும் ஏறியது.

தாளிப்பில்தான் அந்த அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "தாளிக்காம எப்படிம்மா வாயில வைப்பாங்க?" நியாயமான கேள்வி. கடுகும் கறிவேப்பிலையும் சீரகமும் தொண்டையில் நின்றுவிடும், ஆனால் வாசனைக்குத் தடையில்லை. நெய்யில் எல்லாவற்றையும் தாளித்து, பெருங்காயம் போட்டு, டீ வடிகட்டியில் நெய்யை மட்டும் வடித்துக் கஞ்சியில் ஊற்றச் சொன்னேன். அன்றைக்குக் கஞ்சிக் கிண்ணம் பக்கத்தில் வந்ததும் பெரியவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். அதுவரை சாப்பாடு வருகிறது என்றாலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்பவர்.

ரசம் வேண்டும் என்றார்கள். குழைந்த சோறு, வேகவைத்த துவரம்பருப்பு, வடிகட்டிய ரசம் மூன்றையும் சேர்த்து அரைத்தால் ரசத்தின் புளிப்பும் மிளகும் அப்படியே இருக்கும், பதம் ஒன்றாகிவிடும். சிறுகீரையைப் பாசிப்பருப்போடு வேகவைத்து அரைத்த மசியல் நன்றாக எடுபட்டது. முருங்கைக்கீரையைத் தவிர்த்தோம், எவ்வளவு அரைத்தாலும் நார் மிச்சம் இருந்தது. பறங்கிக்காய் கூட்டு, கேரட், சுரைக்காய் எல்லாம் அரைபட்டு வந்தன. நன்றாகப் பழுத்த பப்பாளியும் அப்படித்தான். பூவன்பழத்தைப் பிசைந்து கொடுக்கும்போது இழுபடும், கொஞ்சம் தயிர் சேர்த்து அரைத்தால் சரியாகிவிடும். ஜவ்வரிசியை முழுசாகக் கொடுக்கவில்லை. ஐஸ்கிரீம் குளுகுளுவென்று இருக்கிறதே என்று மகன் வாங்கிவந்தார். அது வாய்ச் சூட்டில் உருகித் தண்ணீராகிவிடும், இவருக்கு ஆகாது என்றேன்.

மிகப் பெரிய உதவி முட்டையிலிருந்து வந்தது. ஒரு முட்டை, 100 மி.லி பால், துளி உப்பு, நன்றாகக் கலக்கி வடிகட்டி, கிண்ணத்தில் ஊற்றி, மேலே ஒரு தட்டு மூடி, இட்லிப் பானையில் சின்னத் தீயில் 12 நிமிடம். தீ கூடினால் ஓட்டை ஓட்டையாகி நீர் விட்டுவிடும். சரியாக வந்தால் கரண்டியில் ஆடும், வாயில் வழுக்கும். அந்த அம்மா பார்த்ததுமே "அட, சீம்பால் மாதிரியில்ல இருக்கு" என்றார். அப்புறம் அந்த வீட்டில் அதற்குப் பெயரே முட்டைச் சீம்பால்தான். ஒரு கிண்ணத்தில் 9 கிராம் புரதம். செவ்வாய், வெள்ளி, அமாவாசை அன்றைக்கு முட்டை இல்லை. அந்த நாள்களில் பனீரைப் பாலோடு வழவழவென்று அரைத்து, கட்டித் தயிரையும் கூட்டிக்கொடுத்தோம்.

ஒரு நாளில் மூன்று பெரிய வேளைகளை ஆறு சின்ன வேளைகளாகப் பிரித்தோம். எதுவும் 30 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. களைத்த தொண்டை தவறு செய்யும். பிசியோதெரபி முடிந்த கையோடு சாப்பாடு வைத்திருந்தார்கள், அதை ஒரு மணி நேரம் தள்ளினோம். தலையணையில் சாய்த்துக் கொடுப்பதை நிறுத்தி, நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்தோம். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் அப்படியே. சிகிச்சையாளர் சொல்லியிருந்தபடி விழுங்கும்போது தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்கச் சொன்னோம். முடிந்ததும் டார்ச் அடித்து வலது கன்னத்துக்குள் பார்த்து, தங்கியதைத் துடைத்தெடுப்பது. ஒரு நாளில் இரண்டு முறை பல்லும் நாக்கும் சுத்தம் செய்வது. எச்சில் உள்ளே போவதை யாராலும் முழுசாகத் தடுக்க முடியாது, ஆகவே போகிற எச்சிலில் கிருமி குறைவாக இருக்கட்டும். பல்செட்டைப் பல் மருத்துவரிடம் காட்டித் திருத்தும்வரை சாப்பாட்டு நேரத்தில் கழற்றிவைத்தோம்.

பாதிக் கிண்ணத்தில்

ஒரு வாரம் கழித்துப் போனேன். காய்ச்சல் இல்லை. நல்லது. ஆனால் மருமகளின் நோட்டில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப எழுதியிருந்தது: கஞ்சிக்குப் பிறகு குரல் கொரகொர. முட்டைச் சீம்பாலுக்குப் பிறகு அப்படி ஒன்றும் இல்லை. தயிருக்குப் பிறகும் இல்லை. கஞ்சிக்கு மட்டும்.

கஞ்சியைக் கரண்டியில் எடுத்துப் பார்த்தேன். கும்பலாக நின்றது, சாய்த்ததும் மொத்தமாக விழுந்தது. குறையே சொல்ல முடியாது. முதல் வாரமும் இப்படித்தான் ஒரு கரண்டி பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தேன். அன்றைக்கு எழுந்து போகாமல் கடைசிக் கரண்டிவரை பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதல் ஐந்தாறு கரண்டி ஒழுங்காகப் போயிற்று. மெதுவாகத்தான் விழுங்குவார், ஒவ்வொரு கரண்டிக்கும் இரண்டு முறை. வலது ஓரமாக எச்சில் வழியும், கரண்டியை வெளியே எடுக்கும்போது கரண்டியோடு எச்சிலும் வரும், அந்தக் கரண்டி நேராகக் கிண்ணத்துக்குள் போகும். பத்தாவது கரண்டிவாக்கில் கஞ்சியின் ஓரம் பளபளவென்று மின்னியது. பதினைந்தாவது கரண்டியில் கும்பல் நிற்கவில்லை, கரண்டியின் விளிம்பிலிருந்து சொட்டியது. கிண்ணத்தைச் சாய்த்தேன். 20 நிமிடத்துக்கு முன் அசையாமல் இருந்த கஞ்சி ஓடியது. ஊசிக்குழலில் ஊற்றிப் பார்த்தபோது 10 விநாடியில் 3 மி.லிதான் மிச்சம். 4-ஆம் நிலையில் ஆரம்பித்த சாப்பாடு 1-ஆம் நிலையில் முடிந்துகொண்டிருந்தது.

சோற்றை வெகுநேரம் மென்றால் இனிக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். எச்சிலில் இருக்கிற அமைலேஸ் மாவுச்சத்தை உடைப்பதால் வருகிற இனிப்பு அது. கஞ்சியைக் கெட்டியாகப் பிடித்துவைத்திருப்பதே அந்த மாவுச்சத்துதான். அது உடைந்தால் கஞ்சி நீர்த்துவிடும். வெதுவெதுப்பான சூடு, மெதுவான சாப்பாடு, ஒவ்வொரு முறையும் எச்சிலோடு திரும்பிப்போகிற கரண்டி, எல்லாம் சேர்ந்து கிண்ணத்துக்குள்ளேயே செரிமானம் தொடங்கியிருந்தது. முட்டைச் சீம்பாலிலும் தயிரிலும் மாவுச்சத்து இல்லை, அதனால்தான் அவை கடைசிவரை அப்படியே இருந்தன. கேழ்வரகுக் கூழ், ஜவ்வரிசிக் கஞ்சி, கூவைக்கிழங்குக் கஞ்சி எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

இது எனக்குப் புத்தகத்தில் தெரிந்த விஷயம். கண்ணெதிரே ஒரு கிண்ணத்தில் நடந்து பார்த்த பிறகுதான் அதன் கனம் புரிந்தது. தயாரிக்கும்போது பதம் பார்ப்பது பாதி வேலை. கடைசிக் கரண்டியில் பார்க்காவிட்டால் அந்தப் பாதிக்கும் அர்த்தமில்லை.

தீர்வு சாதாரணமானது. இரண்டு கரண்டி, இரண்டு கிண்ணம். பெரிய கிண்ணத்தில் இருக்கிற கஞ்சியை ஒரு கரண்டியால் நான்கு வாய் அளவு மட்டும் சின்னக் கிண்ணத்துக்கு மாற்றுவது. ஊட்டுகிற கரண்டி சின்னக் கிண்ணத்தைத் தாண்டிப் போகக்கூடாது. அது தீர்ந்ததும் கிண்ணத்தைக் கழுவி மறுபடி நான்கு வாய். பெரிய கிண்ணம் வெந்நீர்ப் பாத்திரத்தில் நிற்கும், ஏனென்றால் எச்சில் படாத கஞ்சிக்கு எதிர்ப்பக்கத்துச் சிக்கல் உண்டு: ஆறினால் இறுகிக் களியாகிவிடும். அப்போது சூடான பால் கொஞ்சம் விட்டுக் கலக்கி மறுபடி கரண்டியைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். அடுத்த நாளே கொரகொரப்பு குறைந்தது. மூன்றாம் நாள் நோட்டில் அந்த வரியே இல்லை.

காபி

திரவங்களைக் கெட்டியாக்கச் சாந்தன் பசையில் செய்த தூளைத் தேர்ந்தெடுத்தோம். மாவுச்சத்தில் செய்த தூளும் கிடைக்கும், விலை குறைவு, ஆனால் எச்சில் பட்டால் கஞ்சிக்கு ஆனதுதான் அதற்கும் ஆகும். சாந்தனை எச்சில் ஒன்றும் செய்யாது.

தண்ணீரிலும் மோரிலும் சிக்கல் வரவில்லை. காபியில் வந்தது. காலை ஐந்தரைக்குப் பித்தளை டபராவில் ஆற்றி நுரையோடு குடித்த கும்பகோணத்து ஆள். அவரிடம் கொழகொழவென்று ஒரு காபியை நீட்டினோம். ஒரு வாய் வைத்துவிட்டு டம்ளரை இடது கையால் தள்ளிவிட்டார். அந்த அம்மா சமையலறைக்குள் போய் அழுதார். பேச முடியாதவர், நடக்க முடியாதவர், அவருக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரு டம்ளர். அதையும் பிடுங்கிக்கொண்ட மாதிரி எனக்கும் இருந்தது.

அடுத்த இரண்டு நாள் அதற்காகவே போனேன். காபி பேஸ்ட் ஆனதற்குக் காரணம் கிடைத்தது. பாலில் இந்தத் தூள் இறுகத் தண்ணீரைவிட அதிக நேரம் எடுக்கும். கலக்கியதும் தண்ணியாக இருக்கிறதே என்று இன்னும் அரை ஸ்பூன் போட்டிருக்கிறார்கள், பத்து நிமிடத்தில் எல்லாம் சேர்ந்து இறுகிவிட்டது. தூளை அளந்து ஒரே முறை போட்டு, நன்றாக அடித்துக் கலக்கி, பத்து நிமிடம் காத்திருந்து குழலில் பார்த்தோம். 6 மி.லி மிச்சம். டிகாக்ஷனைக் கொஞ்சம் தூக்கலாக விட்டோம், கெட்டித்தன்மை சுவையை மங்கவைக்கும். கடைசியில் நுரையைக் கரண்டியால் எடுத்து மேலே வைத்தார் மருமகள். அது அவருடைய யோசனை. முழு டம்ளரும் போகவில்லை, பாதி போனது. ஒரு வாரத்தில் முழுசாகப் போனது.

கெட்டித் திரவத்துக்கு ஒரு விலை உண்டு. யாருமே அதைப் போதுமான அளவு குடிப்பதில்லை. அதனால் ஒரு நாளைக்கு 1,200 மி.லி என்கிற கணக்கை நோட்டில் எழுதிக் கோடு போட்டு வந்தோம், சிறுநீரின் நிறத்தையும் மலச்சிக்கலையும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் ஓர் ஓட்டை கண்ணில் பட்டது. எல்லாத் திரவமும் கெட்டியாகிவிட்டது, மாத்திரைக்கு மட்டும் வெறும் தண்ணீர்! "ஒரு மடக்குதானே" என்றார் மகன். ஒரு நாளில் நான்கு மடக்கு, அதுவும் மாத்திரையும் தண்ணீருமாக இரண்டு பதம். மருத்துவரிடம் கேட்டு, பொடிக்கக்கூடியதைப் பொடித்துக் கஞ்சியில் ஒரு கரண்டியில் வைத்தோம். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரை ஒன்று இருந்தது. அதைப் பொடிக்கவே கூடாது, மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றினார். கேட்காமல் எந்த மாத்திரையையும் இடித்துவிடாதீர்கள்.

எட்டு வாரம்

இரண்டாவது வாரம் எடை 54.1. நான்காவது வாரம் 55.2. காய்ச்சல் திரும்பவில்லை. ஐந்தாவது வாரம் சிகிச்சையாளர் பார்த்துவிட்டு உணவை 5-ஆம் நிலைக்கு ஏற்றினார். அதில் துண்டுகள் 4 மி.மீக்குள் இருக்க வேண்டும், சாப்பாட்டு முள்கரண்டியின் இரு பற்களுக்கு நடுவில் இருக்கிற இடைவெளி அளவு. ஈரமாக, ஒன்றாகச் சேர்ந்து நிற்க வேண்டும், நீர் பிரியக்கூடாது. இட்லிக்கு அப்போதுதான் வழி பிறந்தது. கெட்டியான பருப்புச் சாம்பாரில் 20 நிமிடம் ஊறவைத்து, முள்கரண்டியால் மசித்து, வெளியே நின்ற சாம்பாரை வடித்துவிட்டுக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விரால் மீன், விரலால் நசுக்கி நசுக்கி முள் பார்த்து, வடிகட்டிய குழம்பில் பிசைந்தது. அன்றைக்கு அவர் வாயைத் தானாகவே திறந்து காத்திருந்தார் என்று மருமகள் நோட்டில் எழுதியிருந்தார்.

எட்டாவது வாரம் மறுபடி கேமராப் பரிசோதனை. சின்ன மடக்காக, தாடையை இறக்கிக் குடித்தால் தண்ணீர் சரியான வழியில் போனது. தூளை நிறுத்தினோம். உணவு 6-ஆம் நிலை: ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகள், முள்கரண்டியைக் கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினால் நசுங்கி, மறுபடி எழும்பாமல் இருக்க வேண்டும். இட்லி இப்போது மசியாமல் துண்டாகவே போகிறது. இடது கையால் தானே எடுத்துச் சாப்பிடப் பழகுகிறார், பாதி சட்டையில் விழுகிறது, யாரும் குறுக்கே போகவில்லை.

எடை 56.4 கிலோ. பழைய 61-க்கு இன்னும் தூரம் இருக்கிறது, அதனால் நெய், பால்பவுடர், முட்டைச் சீம்பால் எல்லாம் தொடர்கின்றன. வாய் சுத்தமும் டார்ச்சும் தொடர்கின்றன. களைத்த நாளில், சளி பிடித்த நாளில் ஒரு நிலை கீழே இறங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். புட்டு, அவல், பொரி, ரஸ்க், அப்பளம் இன்னும் கிடையாது. அப்பளம் வேண்டும் என்று விரலால் வட்டம் போட்டுக் காட்டினாராம். அடுத்த பரிசோதனை மூன்று மாதம் கழித்து.